பவானி ஆற்றில் கயாக்: புதியவர்களோடு பழகிய பருவம்

கோவை, திருப்பூர், ஈரோடு ஊர்களிலிருந்து வார இறுதிகளில் கூடுகிற எங்கள் சிறு குழு, இந்தப் பருவத்தில் புதியவர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஓடும் ஆற்றில் கயாக் எனும், துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகிய சிறு படகை ஓட்டிப் பழகியது. தொடங்குவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். துடுப்புப் பிடிக்கக் கற்றுத்தருவது பிறகு. தண்ணீரில் விழுவது, விழுந்தபின் முறையாக மிதந்து வருவது, கரையிலிருந்து வீசப்படும் கயிற்றைப் பிடிப்பது ஆகிய மூன்றும் கைவந்த பிறகே ஒருவர் படகில் ஏறலாம் என்பதுதான் அந்த முடிவு. ஏரியில் ஓட்டிப் பழகியிருந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. படகோட்ட வந்தோமா, குளிக்க வந்தோமா என்று முணுமுணுத்தார்கள். ஏரி ஓட்டத்துக்கும் ஆற்று ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாயால் விளக்குவதை விட இடுப்பளவு ஓடும் நீரில் ஒரு முறை இறக்கிவிட்டால் போதும் என்பதால், நாங்களும் அதிகம் வாதிடவில்லை.

இடத்தைத் தேர்வதற்கே கணிசமான காலம் பிடித்தது. திருப்பூர்க்காரர்களுக்கு வீட்டுவாசலில் இருப்பது நொய்யல். ஆனால் சாயக்கழிவு கண்ட அந்த ஆற்றில் புதியவர்களை முங்கி எழச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அமராவதி அணையில் முதலைகள் உண்டு. மேட்டுப்பாளையத்தில் பவானி அழகாகவே ஓடுகிறது என்றாலும், மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறக்கும்போது, மழையே இல்லாத நாளிலும் நீர்மட்டம் திடீரென்று ஏறிவிடும். பாறை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கரைக்கு வர முடியாமல் சிக்கிய செய்திகளை இந்தப் பக்கத்தில் அறியாதவர்கள் இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் பழகலாமே என்று ஒருவர் கேட்டார். பார்ப்பதற்குச் சலனமற்று ஓடும் வாய்க்கால்தான் ஆற்றை விட மோசமானது என்பது என் உறுதியான கருத்து. ஒரே வேகத்தில் இழுக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில், கான்கிரீட் பூசிய இடங்களில் சரிவில் கைப்பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒதுங்கி நிற்பதற்கு ஒரு பாறையும் கிடையாது. ஓட்டத்தின் முடிவில் மதகு வந்துவிடும். கடைசியில், பவானிசாகர் அணைக்குக் கீழே, கொடிவேரி அணைக்கட்டுக்கு வெகுதூரம் முன்னதாகவே கரையேறிவிடும்படியான ஒரு பகுதியைத் தேர்ந்து, உள்ளூர் அலுவலகங்களில் அனுமதி கேட்டுப் பெற்றுக்கொண்டோம். கூட்டம் சேர்வதைத் தவிர்க்க இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்துக்காக அணையிலிருந்து ஆற்றில் விடப்படும் தண்ணீர்தான் எங்களுக்குக் கிடைக்கும் ஓட்டம். வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது நாள்தோறும் செய்தியில் வருவதால், கிளம்புமுன் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகள் கனமீட்டரில் பேசும். ஒரு கனமீட்டர் என்பது ஏறத்தாழ 35.3 கன அடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. ஆனால் எண்ணை மட்டும் நம்பி இறங்குவதில்லை. அணையின் நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 105 அடியை நெருங்கினால், உபரிநீர் எப்போது வேண்டுமானாலும் திறக்கப்படும் என்பதால் பயணத்தையே கைவிடுகிறோம். மற்ற நாட்களில், கரையில் தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, அதைப் பார்த்துக்கொள்வதையே ஒருவரின் பொறுப்பாக்கியிருக்கிறோம். குச்சி நனைந்து நீர் ஏறத் தொடங்கினால் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றுவது அவர் வேலை. அந்தப் பகுதியில் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர், எங்கள் பிளாஸ்டிக் படகுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல மழை பேஞ்சா இங்க வெயிலடிச்சாலும் தண்ணி வருங் கண்ணு. செத்தையும் சருகும் மெதந்து வந்து, நெறம் மாறுச்சுன்னா யோசிக்காமக் கரையேறிப் போடோணும்" என்றார். அதன் பிறகு எங்கள் காலைநேர விளக்கவுரையில் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லிவிடுகிறோம்.

கொங்கு நாட்டில் நீச்சல் தெரிந்தவர்களில் பலர் தோட்டத்துக் கிணற்றில் கற்றவர்கள். மேட்டிலிருந்து குதிப்பதற்கும் மூச்சடக்கி அடிவரை போய் வருவதற்கும் அவர்களுக்குப் பயமில்லை. ஆற்றில் அந்தத் துணிச்சலே சில சமயம் ஆபத்தாக முடியும். கிணற்றுத் தண்ணீர் ஆளைத் தள்ளாது. ஓடும் நீர் தள்ளும். அதன் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நண்பர் எங்களில் மிகச் சிறந்த நீச்சல்காரர். முதல் பயிற்சியில் மிதந்து வந்தவர், தொடையளவு ஆழம் தட்டுப்பட்டதும் இயல்பாகக் காலூன்றி எழ முயன்றார். கூழாங்கற்களுக்கிடையே பாதம் இறங்கியதும் முழங்காலின் பின்பக்கத்தைத் தண்ணீர் தள்ள, முன்னால் மடங்கினார். அங்கே ஓட்டம் மிதமாக இருந்ததாலும், கீழே இருவர் நின்றிருந்ததாலும் அது ஒரு பாடமாக மட்டும் முடிந்தது. பாறை இடுக்கில் பாதம் சிக்கி, ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்துவிட்டால், முழங்கால் அளவுக்குச் சற்று அதிகமான தண்ணீரே முகத்தை மூடப் போதும். ஆகவே மல்லாந்து படுத்து, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கைகளால் துழாவியபடி கரையை நோக்கி ஒதுங்குவதையே திரும்பத் திரும்பச் செய்தோம். கை தரையில் தட்டும் வரை எழுந்து நிற்கக் கூடாது என்பது விதி.

கயிற்றுப் பை வீசுவது பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். பைக்குள் சுமார் 20 மீட்டர் மிதக்கும் கயிறு இருக்கும். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால் கயிறு தானாக அவிழ்ந்து போகும். மிதந்து வருபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகே வீச வேண்டும். அவர் பிடிக்க வேண்டியது கயிற்றை, பையை அல்ல. பையைப் பிடித்தால் உள்ளே மீதமிருக்கும் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். பிடித்ததும் மல்லாந்து, கயிற்றை மார்போடு சேர்த்து, கரைக்கு எதிர்ப்பக்கத்துத் தோளின் மேல் போட்டுக்கொண்டால், உடல் சற்றுச் சாய்ந்து தண்ணீரே அவரைக் கரைப்பக்கம் ஒதுக்கிவிடும். கரையில் இருப்பவரும் தண்ணீரில் இருப்பவரும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவோ உடலில் கட்டிக்கொள்ளவோ கூடாது. எந்த நொடியிலும் விட்டுவிடக் கூடியதாக அது இருக்க வேண்டும். ஈரோட்டுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், படகோட்டத்தில் எங்களை விடப் பின்தங்கியிருந்தாலும், கயிறு வீசுவதில் எல்லோரையும் முந்திவிட்டார். உட்கார்ந்து குதிகாலைப் பாறையில் முட்டுக்கொடுத்துக்கொள்ளும் அவரது முறையைத்தான் இப்போது மற்றவர்களும் பின்பற்றுகிறோம்.

லைஃப் ஜாக்கெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்களை இறுக்கிய பின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது உதவாது. கயாக்குக்கு வழக்கமான, 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட வகை, மயங்கியவரின் முகத்தைத் தானாக மேலே திருப்பாது என்பதால், ஹெல்மெட் இல்லாமல் ஒருவரையும் இறக்குவதில்லை. தலையில் அடிபட்டு மயங்கினால், நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

ஓட்டத்தில் இறங்கியபோது வரிசையைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். அனுபவமுள்ளவர் ஒருவர் முன்னால். அவரை யாரும் முந்தக் கூடாது. மற்றொருவர் கடைசியில், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. பாறைகளின் கீழ்ப்பக்கத்தில் நீர் திரும்பி அமைதியாக நிற்கும் எடிகளில், டவுன் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்பதைப் போல ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். முன்னால் போனவர் துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் அடுத்தவர் வரலாம். கிடைமட்டமாகப் பிடித்தால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்று விசில் என்றால் ஆபத்து. பேச்சு ஆற்றின் இரைச்சலில் கேட்காது. எடிக்குள் நுழையும்போது ஓட்டமும் எதிரோட்டமும் சந்திக்கும் கோட்டில்தான் பெரும்பாலோர் கவிழ்ந்தார்கள். படகைத் திரும்பும் பக்கம் சாய்க்கப் பழகியதும் அது வெகுவாகக் குறைந்தது. கரையோரச் சீமைக்கருவேல முட்களும், சாய்ந்த மரங்களும், மீன்வலைகளும் கிடக்கும் பக்கத்தை முன்கூட்டியே நடந்து பார்த்து ஒதுக்கினோம். அவற்றுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும். ஆளும் படகும் போக முடியாது.

கொடிவேரிக்கு ஒரு நாள் எல்லோரையும் அழைத்துப் போனேன், படகில்லாமல். தண்ணீர் ஓர் ஒழுங்கான திரையாகச் சரிந்து விழும் அந்த இடம் படகோட்டிக்கு ஏன் அருவியை விட அச்சம் தர வேண்டும் என்பதைக் கரையிலிருந்தே காட்ட முடிந்தது. அணைக்கட்டின் அடியில் விழுந்த நீர், மேற்பரப்பில் மீண்டும் அணைக்கட்டை நோக்கியே திரும்புகிறது. ஒரு காய்ந்த மட்டை அங்கே போய் விழுந்து, உருண்டு, மேலே வந்து, மறுபடி உள்ளே இழுக்கப்படுவதைப் பார்த்தோம். நாங்கள் கிளம்பும் வரை அது வெளியே வரவில்லை.

தென்மேற்குப் பருவமழையின்போது, இந்தப் பயிற்சியை முடித்தவர்கள் மட்டும் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியை அடுத்த புலிக்கயத்துக்குச் சென்றோம். சர்வதேசக் கயாக் போட்டி நடக்கும் சாலிப்புழா அங்கே ஓடுகிறது. போட்டி நடக்கும் பகுதி எங்களுக்கானதல்ல. உள்ளூர் வழிகாட்டியோடு எளிய பகுதியில் மட்டும் ஓட்டினோம். மலையில் மழை பெய்தால் அந்த ஆறு உடனே ஏறிவிடுவதால், இங்கு அறிவிப்பைப் பார்த்துக் கிளம்புவது போல அங்கே திட்டமிட முடியாது. இரண்டாம் நாள் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியதும், கட்டிங் மாஸ்டர்தான் முதலில் "கரையேறுங்க" என்றார். மறுபேச்சின்றி ஏறிவிட்டோம். பயணச் செலவை எண்ணி ஒருவர் வருந்தினார். அவரும் ஏறிவிட்டுத்தான் வருந்தினார்.

இனிமேல் செய்ய வேண்டியவை உண்டு. இதுவரை நாங்கள் பயன்படுத்தியவை மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக்குகள். தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் பாவாடை போன்ற உறை கொண்ட கயாக்கில் கவிழ்ந்தால், தலைகீழாக இருந்தபடியே அதன் முன்வாரை இழுத்து வெளியேற வேண்டும். அதை அடுத்த மழைக்காலத்துக்குள் நீச்சல் குளத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, ஒவ்வொருவராகப் பழகப் போகிறோம். ஆசிரியை கடைசிப் படகின் பொறுப்பை ஏற்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்காக இரண்டாவது கயிற்றுப் பை ஒன்றும் வாங்கியாகிவிட்டது.