ஹாரனுக்குப் போய்ச் சேராத மூன்று வோல்ட்

சுவாமிமலையிலிருந்து கபிஸ்தலம் வழியாகத் திருவையாற்றுக்குச் செல்லும் சாலையில், அறுவடைக் காலத்தில் வழியை அடைத்தபடி வைக்கோல் ஏற்றிச் செல்லும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் சங்கடம் புரியும். ஓட்டுநருக்குப் பின்னால் வருவது எதுவும் தெரியாது. என் பைக்கின் ஹாரனோ சளி பிடித்த ஆட்டுக்குட்டியைப் போல முனகும்.

ஹாரனை மாற்றிவிடச் சொன்னார் மெக்கானிக். அதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தது. பொத்தானை அழுத்தியபடி ஹாரனின் முனைகளில் அளந்தால் 9.3 தான். மீதி மூன்று வோல்ட்டும் கைப்பிடியின் கரி பிடித்த சுவிட்சிலும் மெல்லிய வயரிலுமே போய்விட்டது.

கும்பகோணத்தில் ஒரு காயலான் கடையில், காரிலிருந்து கழற்றிய வட்ட ஹாரன்களைக் கடைக்காரரின் பேட்டரியிலேயே ஒவ்வொன்றாக ஒலிக்கவைத்துப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு ஊமை, ஒன்று தவளைக்குரல். தவளையையே 50 ரூபாய்க்குக் கேட்டு வாங்கினேன். உள்ளேயிருக்கும் மின்காந்தம் தகட்டை இழுக்க, அந்த இழுப்பிலேயே பாயின்ட் (மின்சாரம் பாயும் தொடுமுனை) விட்டுப்போக, தகடு திரும்பிவந்து பாயின்ட் மறுபடி சேர்வது நொடிக்குச் சில நூறு முறை நடப்பதால்தான் ஓசை பிறக்கிறது. பாயின்ட் எப்போது விட வேண்டும் என்பது பின்புறத் திருகின் கையில் இருக்கிறது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் குரல் சட்டெனத் திறந்துகொண்டது.

வழியில் வோல்ட் வீணாகாமலிருக்க ஒரு ரிலே வாங்கினேன், 30 ரூபாய்; சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச் அது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்குத் தடித்த வயர், 87ஆம் முனையிலிருந்து ஹாரனுக்கு, ஹாரனின் மறுமுனை சேஸிஸில் எர்த். பழைய ஹாரனில் இருந்த இரண்டு வயர்களும் ரிலேயை இயக்கும் 85, 86 முனைகளுக்குப் போயின. ரிலேக்குள் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லையென்றால் எது எதற்கு என்று பார்க்க வேண்டியதில்லை. இனிச் சுவிட்சின் வழியே ஓடுவது கால் ஆம்பியர்கூட இல்லை. ஹாரனை அதன் பட்டைத் தகட்டில் மட்டுமே தொங்கவிட வேண்டும்; உடல் எங்காவது உரசினால் குரல் அடைத்துக்கொள்ளும். இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்கும் ஆசை வந்தாலும், பைக்கின் சிறிய 5 ஆம்பியர்-மணி பேட்டரியை நினைத்து விட்டுவிட்டேன். ஏர் ஹாரன் பக்கம் போகவேயில்லை. அது சட்டப்படி குற்றம், காதுக்கும் கேடு.

இப்போது ஹாரன் முனையில் 11.9 வோல்ட் வருகிறது. எல்லாம் முடிந்தபின், கழற்றிப்போட்ட பழைய ஹாரனையும் அதே வயரில் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே கத்தியது. தவளைக்குக் கொடுத்த 50 ரூபாயை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.