மூக்குப்பேணி

நம் பள்ளியின் இந்தப் பழைய மாணவர் மலரில் என் முழுப் பெயரைப் போட்டால் உங்களில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. மூக்குப்பேணி என்றால் தெரியும். ஸ்காபரோவில் நடக்கும் இராப்போசன விருந்துக்கு நான் உள்ளே நுழையும்போதே ஏதாவது ஒரு மேசையில் இருந்து அந்தக் குரல் வரும். என் மூக்கைப் பார்த்து வைத்த பட்டம் என்றுதான் மனைவி முப்பது வருடமாக நம்பியிருந்தாள். நானும் திருத்தவில்லை.

அந்தப் பெயரை எனக்குத் தந்த வேதபாட மாஸ்டர் போன மார்கழியில் காலமானார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கூப்பிய கைகள், மெழுகுதிரிகள். நானும் ஒரு மெழுகுதிரி போட்டேன். அது போதாது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

1968. ஜூலை மாதம். சுவீடனில் உப்சலாவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூடியது. தொடக்கப் பிரசங்கம் செய்ய இருந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரலில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருடைய இடத்தில் நம் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி.டி. நைல்ஸ் பிரசங்கித்தார். பள்ளியே பூரித்துப்போனது, ஞாபகம் இருக்கும். அதே நாட்களில்தான் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டவர்கள் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பொது இடத்தில் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்திருந்தது. இருந்தும், முன்பு பாராளுமன்றத்தில் இருந்த, கணிதம் படிப்பித்த சுந்தரலிங்கம் போன்றவரே முன்னால் நின்று மறித்தார். மாஸ்டர் ஒரு சனிக்கிழமை தன் ராலி சைக்கிளில் போய் சத்தியாக்கிரகிகளோடு வீதியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆசிரியர் அறையில் ஒரே புறுபுறுப்பு. சைவக் கோயில் சண்டைக்குள் வேதக்காரனுக்கு என்ன வேலை?

"அவையள் வாசலிலை மறிக்கினம். நாங்கள் வாசலைத் திறந்துவிட்டிட்டு வாங்கிலை மறிக்கிறம்" என்றாராம். நான் நேரில் கேட்கவில்லை. ஆனால் நம் சிற்றாலயத்துக் கடைசி வாங்குகளில் யார் இருந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடிபட்டுக் கிடந்தவனுக்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் உதவிய வேதக் கதை தெரியும்தானே. அந்தத் தவணைப் பரீட்சையில் அவர் கேட்ட கேள்வி: "நல்ல சமாரியன் கதையில் சமாரியனை எடுத்துவிட்டு உன் ஊரில் ஒருவரைப் போட்டு எழுதுக." பாதிப் பேர் சிங்களவர் என்று எழுதினோம். மீதிப் பேர் முஸ்லிம். கள்ளிறக்குகிறவர் என்று ஒருவனும் எழுதவில்லை. எல்லோருக்கும் பத்துக்கு இரண்டு. தாளில் சிவப்பு மையில் ஒரு வரி: "தூரத்து ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறாய்."

சரி, என் கதைக்கு வருகிறேன். சபையில் முழு அங்கத்தவராகச் சேர்க்கிற திடப்படுத்தல் முடிந்து எனக்கு அது இரண்டாவதோ மூன்றாவதோ திருவிருந்து. எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டும். என் வலப்பக்கத்தில் முழங்காலில் நின்றவன் நம் வகுப்புப் பையன். அவனுடைய தகப்பன் பனையேறுகிறவர். அவன் குடித்த கிண்ணத்தைப் போதகர் ஐயா வெள்ளைத் துணியால் துடைத்து, வழக்கம் போல ஒரு திருப்புத் திருப்பி என்னிடம் நீட்டினார். நான் இரண்டு விரலால் அதை இன்னும் அரைச்சுற்றுத் திருப்பினேன். யோசித்துச் செய்யவில்லை. அதுதான் விஷயமே. கை தானாகச் செய்தது. வீட்டில் நாங்கள் வாய் படாமல் குடிக்க மூக்கு வைத்த பேணிகளைக் கவிழ்த்து அடுக்கிவைப்போம். வேலைக்கு வருகிறவர்களுக்கு வேலியோரம் சிரட்டை இருக்கும். அந்தக் கைக்கு வேறென்ன தெரியும்?

எனக்குப் பின்னால் காத்துநின்றவர் மாஸ்டர்.

திங்கட்கிழமை முதல் பாடம். "தம்பி, நேற்றுக் கிண்ணத்தை ஏன் திருப்பினனீர்?"

"ஈரமா இருந்தது சேர்."

"ஓ. வீட்டிலையெண்டால் மூக்குப்பேணி இருக்கும். ஆண்டவரின்ரை கிண்ணத்துக்கு மூக்கில்லை, என்ன செய்யிறது?"

வகுப்பு சிரித்த சிரிப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. விளையாட்டுப் போட்டியில் ஓடும்போதும், மேட்ரன் புட்டு வைக்கும்போதும் மூக்குப்பேணிதான். மாஸ்டர்மேல் எனக்குப் பொல்லாத கோபம். இன்றைக்கும் அவர் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளையை முப்பது பேர் முன்னால் அப்படிச் செய்வது ஒரு ஆசிரியருக்கு அழகில்லை. அப்புறம் இன்னொன்று. வகுப்பில் சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். மேசையில் பென்சிலால் எதையோ கீறிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே இருந்தான். என்னை அவமானப்படுத்தியதாகத்தான் மாஸ்டர் நினைத்திருப்பார். அன்றைக்கு அவனுக்கும் அது நடந்தது. அடுத்த வருடம் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். நம் வாட்ஸ்அப் குழுவில் அவன் இல்லை. யாரும் தேடிச் சேர்க்கவுமில்லை.

நான் கனடா வந்தது 1986இல். இங்கே நான் போகிற ஐக்கிய திருச்சபை அந்த வருடம்தான் சட்பரியில் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. எங்கள் மேற்கத்திய வழக்கங்களைச் சுவிசேஷம் என்று நினைத்து உங்கள்மேல் சுமத்தினோம் என்று. இரண்டு வருடம் கழித்து அவர்கள் சொன்ன பதில்: கேட்டுக்கொண்டோம். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. அதே 1988இல்தான் ஒருபாலீர்ப்பு உள்ளவர்களும் போதகராகலாம் என்று எங்கள் சபை தீர்மானித்தது. பல வருடம் கழித்து எங்கள் ஆலயத்தில் வானவில் கொடி ஏற்றுவதா என்று வாக்கெடுத்தபோது முதலில் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கஷ்டமே இல்லை. தூரத்து ஆட்கள்தானே.

மகள் ஒரு பொடியனைக் கூட்டி வந்தபோது என் வாயில் முதலில் வந்தது "தம்பி ஊரிலை எவடம்?" அவன் மார்க்கம் என்றான், டொரோன்டோவுக்குப் பக்கத்து ஊர். இங்கே பிறந்தவன், பாவம். மகளுக்கு நான் கேட்டது விளங்கிவிட்டது. அன்றிரவு என்னோடு பேசவில்லை. கலியாணம் நடந்தது, நன்றாக இருக்கிறார்கள். அவனுடைய தாய் தகப்பன் ஊரில் எவடம் என்று நான் பிறகு எப்படியோ அறிந்துகொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக ஊருக்குப் போனபோது மாஸ்டரைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. இரண்டு கிளாசில் தேத்தண்ணி வந்தது. தடவிப் பார்த்து ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அவனைக் கண்டனீரே?"

பெயர் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. இல்லை சேர் என்றேன்.

"நெல்லியடியிலைதான் இருக்கிறான். ரிட்டயர் பண்ணிட்டான். வாறவன், போறவன். உம்மைப் பற்றி ஒருக்காலும் கேட்டதில்லை."

அன்றைக்குக் காலை பத்து மணி. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் பிடித்திருந்த வான் இரவு எட்டு மணிக்கு. நெல்லியடி ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் டவுனுக்குப் போய் நல்லெண்ணெயும் பனங்கட்டியும் வாங்கிக்கொண்டு வந்து பெட்டி கட்டினேன்.