அதிபர் பெரியவரா, பிரதமர் பெரியவரா?

இலங்கைச் செய்தி வந்தால் போதும், எங்கள் அஸ்தம்பட்டி டீக்கடையில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். குரூப் 2-வுக்குப் படிக்கிற பையன்கள்கூட நம் குடியரசுத் தலைவரை மனதில் வைத்துக்கொண்டு, அதிபர்னா சும்மா கையெழுத்துப் போடுபவர்தானே என்கிறார்கள். நம் நாட்டில் சரி, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கும் அவர் அமைச்சரவை சொல்படிதான் நடக்க வேண்டும். பிரான்ஸ், இலங்கை மாதிரி நாடுகளில் இருக்கும் அரை அதிபர் முறையில் அப்படி இல்லை. அதிபருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள், பிரதமரோ நாடாளுமன்றத்தின் ஆதரவு இருக்கும்வரைதான் நாற்காலியில் இருப்பார். ஆக, மக்கள் என் பக்கம் என்று இரண்டு பேருமே சொல்லலாம், வம்பே அங்கேதான்.

பிரான்ஸில் இந்த முறை 1958-இல் வந்த அரசியல் சட்டத்தில் இருக்கிறது, அதிபருக்கு நேரடித் தேர்தல் 1962 திருத்தத்தில் சேர்ந்தது. சபையில் அதிபரின் ஆட்களுக்குப் பெரும்பான்மை இருந்தால் பிரதமர் பெயரைக்கூட வெளியே யாரும் கேட்கமாட்டார்கள். இல்லையென்றால் உள்நாட்டு ஆட்சி முழுக்கப் பிரதமர் கைக்குப் போய்விடும், அதிபரிடம் மிஞ்சுவது பெரும்பாலும் வெளியுறவும் ராணுவமும்தான். 1986-இல் சோசலிஸ்ட் அதிபர் மித்தரான் வலதுசாரி சிராக்கைப் பிரதமராக வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிராக்கே அப்புறம் அதிபராகி, கையில் பெரும்பான்மை இருந்தும் 1997-இல் சபையைக் கலைத்தார், தோற்றார், சோசலிஸ்ட் ஜோஸ்பினோடு ஐந்து வருஷம் குடித்தனம் நடத்தினார். சொந்தக் காசில் சூனியம் என்பது வேறென்ன!

இலங்கையில் இந்தக் கணக்கு உதைக்கும். ஜெயவர்த்தனா 1978-இல் கொண்டுவந்த சட்டம் அதிபர் பக்கம் ரொம்பவே சாய்ந்தது. 2003 நவம்பரில் ரணில் பிரதமர், சபையில் ஆதரவும் அவருக்குத்தான், ஆனால் அவர் அமெரிக்காவில் இருந்த நேரம் பார்த்து அதிபர் சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்றையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். தலை எண்ணிக்கை இருந்தும் ரணிலால் தடுக்க முடியவில்லை. 2018-இல் அதிபர் சிறிசேன கிட்டத்தட்ட அதையே செய்யப் பார்த்தார், ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவை உட்காரவைத்து, சபையில் ஆள் தேறாததும் கலைப்பு உத்தரவு போட்டார். ஆனால் சபை முதலில் கூடி நாலரை வருஷம் ஆவதற்குள் அதிபர் தன்னிஷ்டத்துக்குக் கலைக்கக் கூடாது என்று 2015-இல் வந்த 19-ஆம் திருத்தம் கட்டிப்போட்டிருந்ததால் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, டிசம்பரிலேயே ரணில் மறுபடி பிரதமர்.

2020-இல் அண்ணன் மகிந்த பிரதமர், தம்பி கோத்தபய அதிபர். அந்த வருஷமே 20-ஆம் திருத்தம் வந்து, 19-ஆம் திருத்தத்தில் பறிபோன அதிகாரத்தில் பெரும்பகுதியை அதிபருக்கே மீட்டுக் கொடுத்தது.