ஸ்டெப் 2 தேதியும் நான் கோட்டை விட்ட ஒரு வாரமும்

2024 அக்டோபர், அமெரிக்காவுல ரெசிடென்சிங்கற ஸ்பெஷாலிட்டி ட்ரெயினிங்ல முதல் வருஷ இன்டர்னா சேர்ந்து நாலாவது மாசம். வெகேஷன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்க எங்க ரெசிடென்சி புரோகிராமோட கோஆர்டினேட்டர் ரூமுக்குப் போனேன். அவங்க நிமிர்ந்துகூட பாக்கல, ரெண்டு நிமிஷம் டாக்டர்னு சொல்லிட்டு மவுஸை உருட்டிட்டே இருந்தாங்க. ஸ்கிரீன்ல இராஸ்ல, அதாவது ரெசிடென்சிக்கு அப்ளை பண்ற ஆன்லைன் சிஸ்டத்துல, வந்த அப்ளிகேஷன் லிஸ்ட். பேரெல்லாம் நாம பாக்கக்கூடாதுன்னு கண்ணைத் திருப்பிக்கிட்டேன், ஆனா ஸ்டெப் 2ன்னு தலைப்பு போட்ட வரிசை மட்டும் கண்ணுல பட்டுடுச்சு. அமெரிக்காவுல டாக்டர் லைசென்ஸுக்கு எழுதற மூணு பரிட்சைல ரெண்டாவதோட மார்க் அது. 251, 243, 238, 262, நடுநடுவுல வெறும் கட்டம். அந்த தலைப்புல ஒரு கிளிக் பண்ணாங்க, பெரிய நம்பர் எல்லாம் மேல வந்துச்சு, வெறும் கட்டம் எல்லாம் ஒண்ணா சேர்ந்து அடியில போய் உக்காந்துடுச்சு.

மார்க் இல்லாத இவங்களை எப்ப பாப்பீங்கன்னு கேட்டேன். மார்க் வந்தா பாப்போம், அதுவும் அதுக்குள்ள இன்டர்வியூ ஸ்லாட் தீராம இருந்தா, அப்படின்னாங்க. அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் அந்த அடியில கிடந்தவ நான்.

என் கதை இதுதான். 2022 ஜனவரி 26லேருந்து ஸ்டெப் 1க்கு மார்க் கிடையாது, பாஸ் இல்ல ஃபெயில் அவ்ளோதான். அதனால ரெசிடென்சிக்கு அப்ளை பண்றவங்களை நம்பர் வச்சுப் பிரிக்கணும்னா பெரும்பாலும் மிச்சம் இருக்கறது ஸ்டெப் 2தான், அதுவும் வெளிநாட்டுல படிச்சுட்டு அமெரிக்கா வர்ற எங்களை மாதிரி ஐஎம்ஜிக்கு சொல்லவே வேணாம். நான் ஜூலைலேருந்து செப்டம்பர் வரைக்கும் பரிட்சை எழுத மூணு மாச எலிஜிபிலிட்டி பீரியட் வாங்கி, 2023 ஜூலை 28க்கு டேட் போட்டிருந்தேன். அப்ப ஒரு ஹாஸ்பிடல்ல ரிசர்ச் வேலை, பகல்ல சார்ட் பாத்து டேட்டா ஏத்தறது, ராத்திரி யூவேர்ல்ட்ங்கற கேள்வி பேங்க். ஜூலை முதல் வாரம் எடுத்த என்பிஎம்இங்கற பிராக்டிஸ் டெஸ்ட்ல 236, ரெண்டாவது வாரம் 238. சரியான நம்பர்தான், ஆனா மனசுக்குள்ள 250ன்னு ஒரு பேய் உக்காந்திருந்துச்சு.

மூணு வாரம் தள்ளினா 250 வந்துடும்னு ஆகஸ்ட் 18க்கு மாத்தினேன். கிட்ட வந்து மாத்தினதால அதுக்கு ஒரு கட்டணம். ஆகஸ்ட் பத்துல மறுபடி ஒரு டெஸ்ட், 237. இங்கயே புரிஞ்சிருக்கணும். மூணு தடவை ஒரே இடத்துல நின்னா அதுதான் நம்ம நம்பர், இன்னும் மூணு வாரம் அதே தப்பையே திருப்பித் திருப்பிப் பண்ணப் போறோம். எனக்குப் புரியல. ரெக்கமண்டேஷன் லெட்டர் தரேன்னு சொன்ன டாக்டர் ஒருத்தர் அந்த வாரம்னு பாத்து ரிசர்ச் சுருக்கம் எழுதற ஒரு அப்ஸ்ட்ராக்ட் வேலையை என் தலையில கட்டினாரு, நானும் அதையே சாக்கா வச்சு செப்டம்பர் 6க்குத் தள்ளிட்டேன். உண்மையச் சொன்னா அப்ஸ்ட்ராக்ட் ரெண்டு நாள் வேலை, மிச்சம் எல்லாம் பயம்.

அப்ப நான் கேலண்டர்ல பாத்தது இராஸ்ல எப்பலேருந்து சப்மிட் பண்ணலாம்ங்கறதை மட்டும்தான். அது செப்டம்பர் 6, பரிட்சை எழுதி முடிச்ச கையோட சப்மிட் பண்ணிடலாம்னு பெருமையா வேற நெனச்சுக்கிட்டேன். நாம எப்ப அனுப்பறோம்ங்கறது ஒரு பொருட்டே இல்ல. அந்த வருஷம் புரோகிராம்கள் நம்ம ஃபைலைத் திறக்க ஆரம்பிச்சது செப்டம்பர் 27, ஈஸ்டர்ன் டைம் காலைல 9 மணி. அந்த நிமிஷம் ஃபைலுக்குள்ள என்ன இருக்கோ அதுதான் நாம. ஸ்டெப் 2 ரிசல்ட் பொதுவா ரெண்டுலேருந்து நாலு வாரம், புதன்கிழமைல வரும், சில நேரம் அதையும் தாண்டும். செப்டம்பர் 6ஓட மூணு வாரம் கூட்டினா சரியா 27. எல்லாம் அளவா பொருந்தி வருதுன்னு நான் சந்தோஷப்பட்டதை இப்ப நெனச்சா சிரிப்பா வருது, ரயில் கெளம்பற நிமிஷத்துக்கு ஸ்டேஷன் வாசல்ல போய் எறங்கற மாதிரி ஒரு பிளான்.

பரிட்சை அன்னிக்கு ப்ரோமெட்ரிக்ங்கற பரிட்சை சென்டர்ல பாக்கெட்டை எல்லாம் வெளிய இழுத்துக் காட்டச் சொல்லி, சட்டைக் கைய முழங்கை வரைக்கும் மடிக்கச் சொல்லி, கண்ணாடியக் கழட்டி வாங்கி அதோட காதுல மாட்டற கம்பியை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு ஒருத்தர். ஒவ்வொரு பிரேக்குக்கும் இதே கூத்து. அப்ப பரிட்சை எட்டு பிளாக், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம், மொத்த பிரேக்கே 45 நிமிஷம். ஆரம்பத்துல வர்ற டூட்டோரியலை ஸ்கிப் பண்ணினா இன்னும் 15 நிமிஷம் அதுல சேந்திருக்கும், ஸ்கிப் பண்ணாம ஒவ்வொரு பக்கமா படிச்சுட்டு உக்காந்திருந்த புண்ணியவதி நான். ஆறாவது பிளாக்ல கேள்வியோட கடைசி வரியப் படிக்கறப்ப முதல் வரி மறந்து போச்சு.

செப்டம்பர் 27 மெயில் வரல. அக்டோபர் 4 வந்துச்சு, 241. ஜூலைல எழுதியிருந்தா மூணு மார்க் குறைஞ்சிருக்குமோ என்னவோ. அந்த மூணு மார்க்குக்காக ரெண்டு தடவை தேதி தள்ளி, முதல் வாரம் முழுக்க வெறும் கட்டமா கிடந்தேன். இதுல இன்னொரு கூத்து, மார்க் வந்தா இராஸ்ல தானா ஏறிடும்னு நெனச்சு ரெண்டு நாள் சும்மா இருந்துட்டேன். ஏறாது. நாமதான் உள்ள போய் ஸ்கோரை மறுபடி அனுப்புன்னு ரிக்வெஸ்ட் கொடுக்கணும். கூட ரிசர்ச் பண்ணிட்டிருந்த தோழி வெள்ளிக்கிழமை ராத்திரி பேச்சுவாக்குல கேட்டா, ஸ்கோரை மறுபடி அனுப்பிட்டதானடின்னு. போனைக்கூட வைக்காம லாப்டாப்பைத் திறந்தேன்.

மொத்தம் மூணே மூணு இன்டர்வியூ. அந்த ஒரு வாரத்தாலதான் அவ்ளோ கம்மின்னு அடிச்சு சொல்ல முடியாது, என் கிராஜுவேஷன் வருஷமும் பழசு. ஆனா முதல் பத்து புரோகிராமுக்கு 99 டாலர், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காசுன்னு கட்டி அப்ளை பண்ணிட்டு, அதுல பாதி எடத்துல என்னைத் திறந்தே பாத்திருக்க மாட்டாங்கன்னு இப்ப தோணுது. 2024 மார்ச் 11 திங்கட்கிழமை மேட்ச் ஆச்சுன்னு, அதாவது ரெசிடென்சி இடம் கிடைச்சுடுச்சுன்னு, மெயில் வர்ற வரைக்கும் நான் ஒழுங்கா தூங்கல.

சரி, அப்ப சீக்கிரம் எழுதிட்டா போதுமான்னா, அதுவும் இல்ல. என் தோழியோட ரூம்மேட் ஒருத்தி ஏப்ரல்லயே எழுதினா, வெளிநாட்டுல படிச்ச டாக்டர்களுக்கு வேண்டிய ஈசிஎஃப்எம்ஜி சர்டிஃபிகேட் சீக்கிரம் கைக்கு வரணும்னு. பிராக்டிஸ் டெஸ்ட்ல 220ஐத் தாண்டவே இல்ல, அப்ப பாஸ் மார்க் 214. அவளுக்கு 217 வந்துச்சு. ஃபெயில் ஆனாக்கூட திரும்ப எழுதலாம், அந்தத் தழும்பு டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கும், அது வேற விஷயம். பாஸ் ஆயிட்டா மார்க்கை ஏத்த மறுபடி எழுதவே விடமாட்டாங்க. 217ங்கறது அவ பேரோட ஒட்டிக்கிச்சு. அவளுக்கு அந்த வருஷம் காத்திருந்து அடுத்த வருஷம் அப்ளை பண்றதுதான் சரியா இருந்திருக்கும், ஆனா அதை அவகிட்ட யாரும் சொல்லல, நானும் சொல்லல.

ஸ்டெப் 3யும் முன்னாடியே முடிக்கணுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. எச்1பி விசா வேணும்னா முடிச்சுத்தான் ஆகணும், ஜே1 விசா போதும்னா அதுக்காக ஸ்டெப் 2 படிப்பைக் கெடுத்துக்க வேணாம்ங்கறது என் அபிப்ராயம்.

போன வருஷம், 2025 ஜூன்ல, இங்க அப்சர்வர்ஷிப் பண்ணிட்டிருந்த ஜூனியர் பையன் நைட் டியூட்டி நடுவுல மெசேஜ் பண்ணினான். அக்கா, ஆகஸ்ட் 8 இருக்கு, செப்டம்பர் 2 இருக்கு, எதைப் போடட்டும்? கடைசி ரெண்டு டெஸ்ட்ல எவ்ளோடான்னு கேட்டேன். 244, 246. அந்த வருஷம் ஃபைல் திறக்கற தேதி செப்டம்பர் 24, அதை அவனையே பாத்து சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல. நடுவுல எனக்கு ஒரு அட்மிஷன் வந்து பேஷன்ட்டைப் பாக்கப் போயிட்டேன். திரும்பி வந்து போனைப் பாத்தா, ஆனா அக்கா இன்னும் மூணு வாரம் இருந்தா 255 வருமேன்னு கேட்டிருக்கான்.

நான் என்னோட நாலு நம்பரையும் அப்படியே டைப் பண்ணினேன். 236, 238, 237, 241. கீழ தேதியையும் போட்டேன்.

காலைல ஆறு மணிக்கு கன்ஃபர்மேஷன் மெயிலோட ஸ்க்ரீன்ஷாட் வந்திருந்துச்சு, ஆகஸ்ட் 8. டூட்டோரியலை ஸ்கிப் பண்ணிடுடான்னு மட்டும் பதில் போட்டுட்டு ஹேண்டோவர் குடுக்கப் போனேன்.