முட்டியைப் பார்த்து ஸ்ட்ரைடை அளந்த கதை

பேஸ்பாலில் பந்தெறிபவனாக, அதாவது பிட்சராக, இருக்கும் பையனுக்குத் தோள் வலிக்கும், முழங்கை வலிக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என் மகனுக்கு வலித்தது இடது முட்டி. வலது கையால் எறிபவன்; எறியும்போது முன்னே போய் ஊன்றுவது இடது கால். அந்தக் காலடியின் நீளத்தைத்தான் ஸ்ட்ரைட் என்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம். இங்கே பையன்களுக்குப் பந்து என்றால் காற்பந்துதான். பள்ளியில் சாஃப்ட்பால் உண்டு. பேஸ்பாலுக்கு வெளியூர் போக வேண்டும். இவன் சாஃப்ட்பாலில் தொடங்கி பேஸ்பாலுக்குப் போனவன். சாஃப்ட்பாலில் பிட்சர் சமதரையில் நின்று கையைச் சுழற்றிக் கீழிருந்து எறிவார். பேஸ்பாலில் தலைக்கு மேலிருந்து எறிய வேண்டும், அதுவும் 10 அங்குல உயர மண்மேட்டில் நின்று. மேட்டின் சரிவு ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அதனால் முன்கால் ஊன்றும் இடம், பின்கால் நின்ற இடத்தைவிட ஏறத்தாழ 4 அங்குலம் தாழ்வாக இருக்கும். சமதரையில் பழகியவன் மேட்டில் ஏறினால் கால் தானாகவே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். இது போதாதென்று பயிற்சியில் ஒருவர் "இன்னும் நீட்டு, இன்னும் நீட்டு" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

வலி முதலில் ஆட்டம் முடிந்த பிறகு மட்டும் இருந்தது. அப்புறம் படியிறங்கும்போதும் வந்தது. கிளினிக்கில் டாக்டர் முட்டிச் சில்லுக்குக் கீழே, கால் எலும்பில் புடைத்திருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். பையன் துள்ளிவிட்டான். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். வேகமாக உயரம் கூடும் வயதில் வருவது. தொடையின் முன்தசை முட்டிச் சில்லு வழியாக இழுக்கும் இழுப்பெல்லாம் அந்த எலும்பு முனையில் போய்ச் சேர்கிறது. அங்கே வளர்ச்சிக் குருத்து இன்னும் கெட்டியாகவில்லை. ஓய்வு, ஐஸ், தொடைத் தசையை நீட்டும் பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார். ஓய்வில் வலி அடங்கியது. மறுபடி எறியப் போனான், மறுபடி வந்தது.

அடுத்துப் பார்த்த பிசியோதான் விஷயத்தைப் பிடித்தார். மலாய்க்காரப் பெண்மணி, பேஸ்பால் பார்த்ததே இல்லையாம். "எறிவதை வீடியோ எடுத்து வாருங்கள், முன்கால் முட்டி மட்டும் நன்றாகத் தெரிந்தால் போதும்" என்றார்.

வீடியோ எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து பந்து கையை விடும் வரை ஏறத்தாழ 0.15 விநாடிதான். சாதாரண வீடியோ விநாடிக்கு 30 படம் என்றால் அதில் நமக்குக் கிடைப்பது நாலைந்து படம். ஸ்லோ மோஷனில் 240 வைத்தால் முப்பத்தைந்து படத்துக்கு மேல் கிடைக்கும். வலது கைக்காரர் என்றால் முதல் பேஸ் பக்கம், அதாவது எறியும் திசையைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம், நின்று எடுங்கள், அப்போதுதான் இடது முட்டியின் வெளிப்பக்கம் தெரியும். கைப்பேசி முட்டி உயரத்தில் இருக்க வேண்டும். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றிலும் வெள்ளை டேப் ஒட்டினோம். படத்தை நிறுத்தி, பள்ளிப் பாகைமானியைத் திரையில் வைத்தே கோணம் பார்த்தோம்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. கால் ஊன்றும்போது முட்டி மடங்கியிருப்பது சரிதான். பெரிய பிட்சர்களுக்கும் அங்கே 40, 50 பாகை மடக்கு இருக்கும். ஆனால் அவர்களுக்கு முட்டி அங்கேயே பிடித்து நின்று, பந்து கையை விடும் நேரத்தில் நிமிரத் தொடங்கும். இவனுக்கோ ஊன்றிய பிறகும் மடங்கிக்கொண்டே போனது; பந்து கையை விடும்போது முட்டி ஷூ நுனியைத் தாண்டியிருந்தது. உடல் எடையைப் போல் ஒன்றரை மடங்கு விசை அந்தக் காலில் இறங்கும். அது நிமிராமல் சரியும் முட்டியில் இறங்கினால், தாங்கிப் பிடிக்கும் வேலை முழுவதும் தொடைத் தசைக்கு. அந்தத் தசை இழுப்பது எந்த இடத்தை? டாக்டர் அழுத்திய அதே இடத்தை.

முட்டி பிடித்து நிற்பதில்தான் வேகமும் இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய தள்ளுவண்டியின் சக்கரம் வேரில் முட்டினால் வண்டி நிற்கும், குலை முன்னே பாயும். முன்கால் நிற்க வேண்டும், இடுப்புக்கு மேலே உள்ள உடல் பாய வேண்டும். கால் நிற்காவிட்டால் அந்த வேகத்தைக் கையே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கால் ரொம்பத் தள்ளி விழுவதால்தான் முட்டி சரிகிறதோ என்று பார்க்க, மண்ணைச் சீவிச் சமமாக்கி, எறியச் சொல்லி, பின்கால் ஊன்றும் ரப்பர் பலகையிலிருந்து காலடித் தடம் வரை அளவு டேப் பிடித்தேன். 160 செண்டிமீட்டர் உயரப் பையன் 144 செண்டிமீட்டர் நீட்டுகிறான், உயரத்தில் 90 விழுக்காடு. பெரிய ஆட்டக்காரர்களுக்கே பொதுவாக 80, 85 என்ற அளவுதான். அமெரிக்க பிட்சர் டிம் லின்ஸ்கம் தன் உயரத்தைவிட நீளமாக நீட்டியவர் என்பது உண்மைதான். அவர் இடுப்பும் காலும் வேறு, படிவம் இரண்டு (பதினாலு வயது) படிக்கும் பையனின் காலும் வேறு.

குறைக்கலாம் என்றதும் இவன் முகம் தொங்கிவிட்டது. வேகம் போய்விடுமே என்று பயம். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ரயன் குரோட்டினும் டேன் ராம்சியும் செய்த ஆய்வைக் காட்டினேன். தேர்ந்த பிட்சர்கள் 19 பேரை வழக்கமான ஸ்ட்ரைடைவிட 25 விழுக்காடு குறைத்தும், கூட்டியும் எறிய வைத்தார்கள். பந்தின் வேகம் மாறவில்லை. அதற்காக அளவில்லாமல் குறைக்கவும் கூடாது. கால் ரொம்பப் பக்கத்தில் விழுந்தால் முட்டி விறைப்பாக ஊன்றி அதிர்வை அப்படியே வாங்கும், உடலும் நிமிர்ந்தே நின்று பந்து உயரப் போகும்.

128க்கு வந்தோம், அதாவது 80 விழுக்காடு. தரையில் கோடு போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், கோட்டைப் பார்த்தால் தலை குனியும்" என்றார் பிசியோ. அதற்குப் பதில் அவர் கொடுத்தது வாசற்படிப் பயிற்சி: படி மேல் இடது காலில் நின்று, வலது குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறுவது. முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், செய்து பார்த்தால் கால் நடுங்கும். முதலில் சமதரையில் அரை வேகத்தில் எறிந்தான். பிறகு வீட்டுக்குப் பின்னால் செம்மண் கொட்டி இடித்து ஒரு மேடு கட்டினோம். மில்லில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை 24க்கு 6 அங்குலமாக வெட்டிப் பதித்தால் ரப்பர் பலகை தயார். இந்த ஊர் மழையில் அந்த மேடு கரைவதும் மறுபடி இடிப்பதும் தனி வேலை. ஈர மேட்டில் எறிய விடவில்லை. ஊன்றிய கால் வழுக்கினால் முட்டி திருகிவிடும்.

எண்ணிக்கையும் முக்கியம். அமெரிக்காவில் 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பிட்ச் என்பதுதான் உச்சவரம்பு. ஆனால் அது தோளையும் முழங்கையையும் மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. முட்டிக்கு நாங்கள் வைத்த கணக்கு வேறு: மறுநாள் காலை படியிறங்கும்போது வலித்தால் அன்று பந்து இல்லை.

இப்போது ஆட்டம் முழுக்க எறிகிறான். முட்டிக்குக் கீழே புடைப்பு அப்படியேதான் இருக்கிறது. வலி போனாலும் புடைப்பு தங்கிவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உயரம் இன்னும் ஏறுவதால் 128 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. அவ்வப்போது வீடியோ எடுக்கிறேன், முட்டி நிமிர்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். நிமிர்ந்தால் டேப்பை எடுப்பதே இல்லை.