தண்ணீர் மூலக்கூறின் நிறை மையத்தில் நான் இரண்டு முறை கோட்டை விட்ட கதை

நிறை மையம் என்றால் அணுக்களின் நிறை எல்லாம் சமன்படும் புள்ளி; ஒவ்வொரு அணுவின் நிறையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகுத்தால் கிடைக்கும். ஹைட்ரஜன் குளோரைடு கணக்கில் கஷ்டம் ஒன்றுமே இல்லை. இரண்டே அணு, நடுவில் 1.27 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), குளோரின் ஹைட்ரஜனைப்போல 35.5 மடங்கு கனம். 35.5-ஐ 36.5-ஆல் வகுத்து 1.27-ஆல் பெருக்கினால், ஹைட்ரஜனிலிருந்து 1.235 ஆங்ஸ்ட்ராமில் நிறை மையம். அந்தத் தெம்பில் தண்ணீரைக் கையில் எடுத்து, வசமாக மாட்டிக்கொண்டேன்.

தூரங்களை அளக்கத் தொடங்கும் ஆதிப்புள்ளியை ஒரு ஹைட்ரஜன்மேல் வைத்ததுதான் முதல் கோளாறு. ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால், தாளில் இடது ஓரமாக இருந்தது அதுதான், வேறு காரணம் இல்லை. மற்ற இரண்டு அணுவுக்கும் எக்ஸ், ஒய் இரண்டையும் சைன், காஸ் போட்டுத் தேடி அரைப் பக்கம் நிரம்பியும் விடை வரவில்லை.

சரி என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆக்சிஜனை ஆதிப்புள்ளியில் உட்கார வைத்தேன். இரண்டு ஹைட்ரஜனுக்கும் நடுவே ஆக்சிஜனில் அமையும் 104.5 டிகிரி பிணைப்புக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடுதான் ஒய் அச்சு. இப்போது இரண்டு ஹைட்ரஜனும் அச்சுக்கு இருபுறமும் சம தூரத்தில் நிற்பதால் நிறை மையத்தின் எக்ஸ் பூஜ்யம், ஆக்சிஜனின் 15.999-ஐயும் பூஜ்யத்தால்தான் பெருக்க வேண்டும் என்பதால் அதுவும் பின்னத்தின் மேல்பகுதியில் காணாமல் போய், கீழ்ப்பகுதியில் மொத்த நிறை 18.015-இல் மட்டும் தங்கிவிட்டது. மிச்சம் ஒரே வேலை, ஹைட்ரஜனின் உயரம்: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் நீளம் 0.958 பெருக்கல் பாதிக் கோணம் 52.25-இன் காஸ்.

கால்குலேட்டரில் தட்டினால் மைனஸ் 0.385!

மேலே வரைந்த ஹைட்ரஜன் எப்படிக் கீழே போகும்? கால் மணி நேரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறு கோண அலகில் கிடப்பது கண்ணில் பட்டது. டிகிரிக்கு மாற்றியதும் 0.587. அதை இரண்டு ஹைட்ரஜனின் நிறை 2.016-ஆல் பெருக்கி 18.015-ஆல் வகுத்தால், ஆக்சிஜனிலிருந்து 0.066 ஆங்ஸ்ட்ராமில் நிறை மையம்.

இவ்வளவு சின்ன எண்ணா என்று நம்பவே முடியவில்லை. மையம் என்ற பெயரைக் கேட்டு, முக்கோணத்தின் நடுவில், 0.39 பக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். அது மூன்று அணுவும் ஒரே கனமாக இருந்தால் வரும் விடை. சந்தேகத்துக்கு, கிடைத்த புள்ளியிலிருந்து இருபக்கமும் நிறையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தேன். அங்கேயும் 1.05, இங்கேயும் 1.05.

ஆசை அடங்காமல் கனநீருக்கும் போட்டேன்; அதில் சாதா ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டிரியம் இருக்கும். நீளமும் கோணமும் கிட்டத்தட்ட அதேதான், டியூட்டிரியத்தின் நிறை மட்டும் 2.014. விடை 0.118, ஏறக்குறைய இரட்டிப்பு.

நாளைக்கு அமோனியா. ஹைட்ரஜன் மூன்று, தட்டையாகவும் இருக்காது. நைட்ரஜனுக்கு ஆதிப்புள்ளியில் இப்போதே இடம் போட்டு வைத்துவிட்டேன்.