சென்ட்ரல் பார்க்கில் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைச் சுற்றி வரும் சாலை, ஓடுவோருக்காகப் போடப்பட்டதன்று. 1858 ஆம் ஆண்டு பூங்கா வடிவமைப்புப் போட்டியில் வென்ற ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் அதைக் குதிரை வண்டிகளுக்காக வரைந்தார்கள். நேர்ச்சாலையாக விட்டால் வண்டிக்காரர்கள் பந்தயம் கட்டத் தொடங்கிவிடுவார்கள் என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்ததால், வேண்டுமென்றே அதை வளைத்து வளைத்துக் கொண்டுசென்றார்கள். வேகத்தைத் தணிப்பதற்கென்று வரையப்பட்ட அதே சாலையில்தான் இன்று விடியற்காலை முதல் இருட்டும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மக்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வரைந்தவர்களின் எண்ணத்துக்குக் கொஞ்சமாவது மதிப்புக் கொடுத்து, ஏற்றங்களில் நடந்தும் மற்ற இடங்களில் ஓடியும் வருவதே இந்தச் சுற்றுக்குப் பொருந்திய முறை என்பேன்.

முழுச் சுற்று 6.1 மைல், அதாவது ஏறத்தாழ 9.8 கிலோமீட்டர். 72 ஆம் தெருவை ஒட்டிய குறுக்குச் சாலையில் திரும்பித் தெற்குப் பகுதியை மட்டும் சுற்றினால் 1.7 மைலில் முடிந்துவிடும். மிதிவண்டிகள் இடஞ்சுழியாக மட்டுமே செல்ல வேண்டும். ஓடுவோரில் பெரும்பாலானவர்களும் அதே திசையில்தான் செல்கிறார்கள், நானும் அப்படியே.

வழக்கமாக நான் தொடங்குவது கிழக்குப் பக்கம், 90 ஆம் தெருவில் உள்ள எஞ்சினியர்ஸ் கேட் வாயிலில். அங்கே தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கும் வெண்கலச் சிலை ஃபிரெட் லெபோவுடையது. நியூயார்க் மராத்தானை 1970 இல் தொடங்கியவர்களுள் ஒருவர் அவர். அந்த முதல் ஓட்டம் முழுவதும் இந்தப் பூங்காவுக்குள்ளேயே, இதே சாலையைத் திரும்பத் திரும்பச் சுற்றி நடந்தது. புறப்பட்ட 127 பேரில் 55 பேர்தான் ஓடி முடித்தார்கள். லெபோ 45 ஆவதாக வந்தார். 1976 இல்தான் மராத்தான் நகரத்தின் ஐந்து பகுதிகளுக்கும் விரிந்தது. பின்னாளில் மூளைப் புற்றுநோயால் தாக்குண்ட அவர், 1992 இல், தமது அறுபதாவது வயதில், நார்வே வீராங்கனை கிரேட்டே வைட்ஸ் உடன் வர, ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு அதே மராத்தானை முடித்தார். மெதுவாக ஓடுவது பற்றிக் கூச்சப்படுகிற எவரையும் நான் முதலில் இந்தச் சிலையருகேதான் அழைத்துச் செல்வேன்.

வாயிலிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பகுதி பெரும்பாலும் இறக்கம் என்பதால் கால்கள் தாமாகவே ஓடுகின்றன, ஆபத்தும் அதுதான். ஹார்லெம் மீர் ஏரியைத் தாண்டி, பூங்காவின் வடக்கு எல்லையான 110 ஆம் தெருவருகே சாலை மேற்கே வளைந்ததும், இறங்கிய அளவு முழுவதையும் ஹார்லெம் ஹில் திரும்பக் கேட்கிறது. சுற்றிலேயே மிகக் கடுமையான ஏற்றம் இது. வளைந்து ஏறுவதால் உச்சி எங்கே என்று கீழிருந்து தெரியாது. இங்கே நான் தயங்காமல் நடக்கிறேன். மேட்டில் மூச்சு வாங்க ஓடி மிச்சப்படுத்தும் சில விநாடிகளுக்காக, அதன்பின் வரும் இரண்டு மைலையும் கனத்த கால்களோடு கடக்க வேண்டியிருக்கும் என்பதே காரணம். நடந்தால் பாறைகளையும் பார்க்கலாம்: மன்ஹாட்டன் ஷிஸ்ட் எனப்படும், அபிரகம் மின்னும் உருமாறிய பாறை, வடக்குப் பகுதியில் மரங்களுக்கிடையே திட்டுத் திட்டாக எழுந்து நிற்கிறது.

உச்சியைக் கடந்ததும் மேற்குப் பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று சிறு மேடுகள் வருகின்றன. ஓடுவோர் இவற்றை மூன்று சகோதரிகள் என்பார்கள். இவற்றை ஓடியே கடந்துவிடலாம். மேற்கு 82 ஆம் தெருவுக்கும் 89 ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட இந்தப் பக்கத்தில்தான் செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்கள் 1825 முதல் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர் அது. 250 டாலர் மதிப்புள்ள சொத்து இல்லாத கறுப்பினத்தவருக்கு நியூயார்க்கில் அன்று வாக்குரிமை இல்லை என்பதால், அந்தச் சிறு நிலங்களின் மதிப்பு பணத்தோடு நின்றுவிடவில்லை. பூங்காவுக்காக 1857 இல் ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. இப்போது தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற வேகத்தில் அவை கண்ணில் படுவதில்லை.

தெற்கே கொலம்பஸ் சர்க்கிள் வரை நல்ல இறக்கம், பிறகு 59 ஆம் தெருவை ஒட்டிச் சுற்றுலாப் பயணிகளின் நெரிசல். அங்கே ஓடுவதைவிட விலகி விலகிச் செல்வதே அதிகம் என்பதால் விரைவாகக் கடந்துவிடுகிறேன். கிழக்கே திரும்பி வடக்கு நோக்கி வரும்போது, 76 ஆம் தெருவருகே கேட் ஹில் (பூனைக் குன்று) தொடங்குகிறது. பாறை மேல் பாயத் தயாராகப் பதுங்கியிருக்கும், பூனை இனத்தைச் சேர்ந்த வெண்கலப் பூமாவால் வந்த பெயர். எட்வர்ட் கெமிஸ் செய்த அந்தச் சிலை 1883 முதல் அங்கேயே இருக்கிறது. இலைகள் அடர்ந்த மாதங்களில், தலைக்கு மேலே திடீரென்று அதைக் கண்டு திடுக்கிடுவோரை இன்றும் பார்க்கலாம். இதுவும் நடக்க வேண்டிய இடமே.

இவ்வளவு பெரிய நகரின் நடுவே, ஊடே பாயும் ஒரு காருக்காகவும் நிற்காமல் இந்தச் சுற்றை முடிக்க முடிவது அந்த 1858 வரைபடத்தின் கொடை. கிழக்கிலிருந்து மேற்கே போகும் நகரப் போக்குவரத்துக்காக நான்கு சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்தார்கள். அவை பாலங்களுக்கு அடியில் ஓடுகின்றன. பூங்காவின் சுற்றுச் சாலையிலேயே பல காலம் கார்கள் ஓடின. 2018 ஜூன் மாதத்தில்தான் அவை முற்றிலுமாக விலக்கப்பட்டன. வழி தவறினாலும் கவலையில்லை. விளக்குக் கம்பங்களில் உள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அருகிலுள்ள தெருவைக் குறிக்கும். இறுதி இலக்கம் இரட்டை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றை என்றால் மேற்கு. 7320 என்றிருந்தால் நீங்கள் 73 ஆம் தெருவுக்கு நேராக, கிழக்கே நிற்கிறீர்கள்.

தார்ச்சாலை முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீர்த்தேக்கத்தைச் சுற்றிய 1.58 மைல் மண் பாதை இருக்கிறது. 1862 இல் கட்டி முடிக்கப்பட்டு 1993 வரை நகரின் நீர் வழங்கலில் பங்கு வகித்த இந்த நீர்த்தேக்கத்துக்கு, இதைச் சுற்றி ஓடும் பழக்கமுடைய ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் பெயரை 1994 இல் வைத்தார்கள். மிதிவண்டிக்கும் நாய்க்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் இங்கே அனுமதி இல்லை. பாதை குறுகலானது, கூட்டமுள்ள ஞாயிறுகளில் அதற்குக் கீழே செல்லும் குதிரைப் பாதையே மேல்.

முதல்முறை வருவோர் முழுச் சுற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 102 ஆம் தெருவருகே உள்ள குறுக்குச் சாலையில் மேற்கே திரும்பிவிட்டால் ஹார்லெம் ஹில் தப்பும், தொலைவும் ஏறத்தாழ 5 மைலாகக் குறையும். குளிர்காலத்தில் பூங்காவின் குடிநீர்க் குழாய்களை மூடிவிடுவார்கள் என்பதால் அந்த மாதங்களில் தண்ணீரைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது.